பதில் வராத வீடுகள்

தம்பி, பிரித்த உடனே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. பரீட்சைத் தாளையே பின்பக்கத்திலிருந்து பார்க்கிற ஆள் நீ. இதையாவது மேலேயிருந்து கீழே வரை ஒழுங்காக வாசி. நான் போன் போட்டால் நீ எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் பார்த்ததற்கு அடையாளமாக நீலக்கோடு மட்டும் விழுகிறது. டுபாயில் கூட்டாளியின் கடைக்கு வேலைக்குப் போகிறேன், இந்த எழுத்து வேலை இனி எனக்கு வேண்டாம், கொஞ்ச நாளைக்கு யாரும் கூப்பிடாதீங்க என்று நீ அனுப்பியதைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டுத்தான் தாளும் பேனாவும் கேட்டு வாங்கினேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுதுகிறேன். மண்சரிவுக்குப் பிறகு வரிசையாக ஒட்டி நின்ற நம் லயத்து வீட்டு ஆட்கள் எல்லாருக்கும் இப்போதைக்கு இதுதான் வீடு. நீ விமானம் ஏறுவதற்குள் இது உன் கையில் கிடைக்க வேண்டும். உன்னிடம் ஒரு வேலை சொல்ல வேண்டியிருக்கிறது. அதை உன்னால் மட்டும்தான் செய்ய முடியும்.

போன தீபாவளிக்கு வந்தபோதுதான் கொழும்பில் நீ என்ன வேலை செய்கிறாய் என்று எனக்கு விளங்கியது. ஏஜென்ட் ஒன்றுக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்றாய். ஏஜென்ட் என்றால் பெண்பிள்ளைகளைக் குவைத்துக்கு அனுப்புகிறவன் என்றுதான் நம் ஊரில் அர்த்தம். பதறிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அது ஆள் இல்லை, கம்பியூட்டருக்குள் இருக்கிற ஒரு மூளை, மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் லயம் லயமாக வீடுகளைக் கூப்பிட்டு விசாரிக்கும் என்றாய். அதன் கையில் சில கருவிகள் இருக்கின்றனவாம். வீட்டைக் கூப்பிட ஒன்று, வீடு காலி என்று குறித்துக்கொள்ள ஒன்று, நடக்க முடியாதவர்களைத் தூக்கிவர ஆள் அனுப்பச் சொல்ல ஒன்று. எந்தக் கருவி எதற்கு, எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கக் கூடாது என்று விளக்கம் எழுதுவதுதான் உன் வேலை. அதை வாசிக்கப் போவது மனிதர் இல்லை என்று நீ சொன்னபோது எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆனது. கண் இல்லாத ஒன்று, நம் லயத்தைப் பார்த்தே இராத ஒன்று, எங்கேயோ இருந்துகொண்டு உன் எழுத்தை வாசிக்கிறது. “எழுதினதை அப்படியே செய்யும்மா. எழுதாததைத் தானா ஊகிச்சுக்கும். அதுதான் பயம்” என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய், சொல்லிவிட்டு முறுக்கை எடுத்துக் கடித்தாய்.

பிறகு மழை தொடங்குவதற்கு முன்னால் லயத்தின் முனையில் கம்பம் நட்டார்கள். அதன் உச்சியில் கோயில் திருவிழாவுக்குக் கட்டுவது மாதிரி ஒரு ஒலிபெருக்கி, வெயிலில் கரண்ட் எடுக்கும் ஒரு தகடு, நாம் சொல்வதைக் கேட்க ஒரு சின்னக் காது. நம் பள்ளத்தில் போன் சரியாக வேலை செய்யாது என்பதால் இந்த ஏற்பாடு. குரலும் உன்னுடையது. கம்பனிக்காரர்கள் வேறு யாரையோ பேசவைக்கப் பார்த்தார்களாம், தோட்டத்து ஆட்கள் அந்தத் தமிழை நம்ப மாட்டார்கள் என்று நீயே உட்கார்ந்து பேசிப் பதிந்து கொடுத்தாயாம், அதை வைத்து அது எதை வேண்டுமானாலும் உன் குரலிலேயே பேசுமாம். சோதித்துப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், அப்புத்தளை மலைமுகடு கழுவிவிட்ட மாதிரித் தெரிந்தது. பிள்ளைகள் கம்பத்தைச் சுற்றி ஓடினார்கள். குரல் ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிட, முதல் அழைப்பு முடிவதற்குள் ஆளுக்கு ஆள் இருக்கோம் இருக்கோம் என்று கத்தினார்கள். லயத்து ஆட்களின் பெயர்களை எல்லாம் கொடுத்தவன் நம் வீட்டுக்கு மட்டும் என் பெயரை விட்டுவிட்டு அம்மா என்று போட்டிருக்கிறாய். அது “அம்மா, இருக்கீங்களா?” என்றது. நீ பிறந்ததிலிருந்து என்னை ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் எனக்குப் பின்கழுத்து சில்லென்றது.

அந்த வெயிலில் யாருக்கும் நினைவு வராத ஒன்று உண்டு. பனிமூட்டம் இறங்கிய பிறகு வெளியிலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாம் உடனே பதில் சொல்ல மாட்டோம். ஒரு முறை கூப்பிட்டாலும் பேசாமல் இருப்போம், இரண்டாவது முறையும் பேசாமல் இருப்போம். மூன்றாவது முறையும் கூப்பிட்டால்தான் அது மனிதர். மற்றதற்கு மூன்றாம் முறை கூப்பிட முடியாது. இதை நமக்கு யாரும் பாடம் எடுத்துச் சொல்லித் தரவில்லை, சோறு தின்னப் பழகின மாதிரிப் பழகிக்கொண்டோம். நீயும்தான். பள்ளிக்கூடம் விட்டு மூட்டத்துக்குள் வருவாய், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைத் திருப்பத்தில் நின்று இரண்டு தடவை அம்மா என்பாய், நான் கதவுக்குப் பின்னால் மூச்சுக்கூட விடாமல் நிற்பேன். மூன்றாவது தடவை, “நான்தாம்மா, பேயி இல்ல, பசிக்குது” என்று கத்துவாய். அப்புறம்தான் தாழ்ப்பாளைத் திறப்பேன். இதைப் போய் யாரிடமாவது சொல்ல வேண்டுமா, எழுத வேண்டுமா? மூச்சு விடுவதை எழுதுகிறவர் உண்டா? அப்படித்தான் அது உன் விளக்கத்தில் இல்லாமல் போனது. இரண்டு முறை கூப்பிடவும், பதில் இல்லாவிட்டால் வீடு காலி என்று குறிக்கவும் என்று நீ எழுதியிருந்தாய். கொழும்பில் உட்கார்ந்து பார்த்தால் அதில் ஒரு குறையும் தெரியாது.

அன்றைக்கு மத்தியானத்திலேயே மூட்டம் இறங்கிவிட்டது. மழை கொஞ்சம் விட்டிருந்தது, கரண்ட் இல்லை, எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். உன் குரல் லயத்தின் அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தது. ஆள் இருப்பது உறுதியான பிறகுதான் எச்சரிக்கையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சனங்கள் கண்மண் தெரியாமல் ஓடி விழுந்துவிடுவார்கள் என்று நீ எழுதி வைத்திருந்தாயாம். அதனால் அது மண் என்றும் சொல்லவில்லை, மலை என்றும் சொல்லவில்லை. பெயரைச் சொல்லி இருக்கீங்களா என்று மட்டும் கேட்டது. ஒரு வீட்டுக்கு இரண்டு முறை. ஒருவரும் பதில் சொல்லவில்லை. தகரக் கூரையில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள் வாயை மூடிக்கொண்டு மூன்றாவது அழைப்புக்காகக் காத்திருந்தார்கள், அது அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. நம் வீட்டுக்கும் வந்தது. “அம்மா, இருக்கீங்களா?” நான் பெற்ற பிள்ளையின் குரல், தம்பி. பேசாமல் இருந்தேன். திரும்பவும் கேட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். எல்லா வீட்டையும் கூப்பிட்டு முடித்துவிட்டு, வெளியே இருந்த மூட்டத்தைப் பார்த்து அது சந்தோஷமாக, “சரிங்க, ரொம்ப நன்றிங்க” என்றது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நீ செய்தியில் பார்த்தது வேறு. மலை முதலில் முனகியது. சுவர் வெடித்தது. கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓடினோம். கடைசி வீட்டு ஆறுமுகம் அண்ணனுக்குக் கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தது. புஷ்பம் அக்காவால் புருஷனைத் தனியாகத் தூக்க முடியவில்லை. ஆள் கூட்டிவர மேல் லயத்துக்கு ஓடினாள், நான்கு பேரோடு திரும்பி வந்தபோது அங்கே வீடு இல்லை, செம்மண் இருந்தது. ஆள் அனுப்பச் சொல்லும் கருவி அவருக்காகத்தானே இருந்தது? மறுநாள் ஒரு அதிகாரி தன் போனில் எங்களுக்குக் காட்டினார். நம் லயத்து வீடுகள் அத்தனையும் பச்சை நிறத்தில் இருந்தன. பச்சை என்றால் எல்லாரும் பத்திரமாக வெளியேறிவிட்டார்களாம். அதைப் பார்த்த பிறகு அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மலை இன்னும் நகர்வதால் தோண்டுவதையும் நிறுத்திவிட்டார்கள், அண்ணன் இன்னும் அதற்குள்தான் இருக்கிறார்.

நீ அன்றைக்கே உட்கார்ந்து விளக்கத்தைத் திருத்தினாயாம், அதிகாரி சொன்னார். ஆள் தன் வாயால் சொல்லும் வரை எந்த வீட்டையும் காலி என்று குறிக்கக் கூடாது, பதில் வராத வீட்டைத் தினமும் பொழுது சாயும்போது திரும்பக் கூப்பிட வேண்டும் என்று எழுதிவிட்டு, அதோடு போனை எடுப்பதையே விட்டுவிட்டாய். அழுதுகொண்டே எழுதியிருப்பாய், எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கம்பம் விழவில்லை, தம்பி. பாதி லயம் போன பிறகும் அது அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு சாயங்காலமும் ஆளில்லாத வீடுகளைப் பார்த்து உன் குரல் பெயர் பெயராகக் கூப்பிடுகிறது. பள்ளத்தைத் தாண்டி இங்கே பள்ளிக்கூடத்துக்குக் கேட்கிறது. அந்த நேரத்தில் அடுப்படியில் பேச்சு நின்றுவிடும், பிள்ளைகள் தாய்மாரின் மடியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒன் மகன் கூப்பிடுறான் என்று என்னிடம் சொல்கிறார்கள். சிலர் மேலே போய், வந்துவிட்டோம் என்று சொல்லித் தங்கள் வீட்டை முடித்துக்கொண்டார்கள். சிலர் அந்தப் பக்கம் தலை வைக்கவே பயப்படுகிறார்கள். ஆறுமுகம் அண்ணனின் பெயரையும் அது தவறாமல் கூப்பிடுகிறது.

புஷ்பம் அக்கா தினமும் அங்கே போகிறாள். மஞ்சள் நாடா கட்டித் தடுத்திருக்கிறார்கள், குனிந்து உள்ளே போய்விடுகிறாள். வெடிப்பு ஒரு ஆள் இறங்கும் அகலத்துக்கு வந்துவிட்டது, நேற்று பார்த்த இடத்தில் இன்று தரை இல்லை. அவளை இழுத்துவரப் போன முதல் நாள் நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

“ஆறுமுகம் அண்ணே, இருக்கீங்களா?”

“அவரு இங்க இல்லைங்க.”

“சரிங்க அக்கா. இப்ப எந்த எடத்துல இருக்காரு?”

“தெரியலைங்க.”

“பரவாயில்லைங்க. நாளைக்குத் திரும்பக் கூப்பிடுறேன். பத்திரமா இருங்க.”

எவ்வளவு அன்பாகக் கேட்டது தெரியுமா? நீ காய்ச்சலில் கிடந்தபோது சூடம் தேய்த்துவிட்ட அக்காவிடம் நீ எப்படிப் பேசுவாயோ அப்படி. திரும்பி வரும் வழியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இருக்காருன்னு தெரிஞ்சதாலதானே எங்கன்னு கேக்குது? ஒண்ணும் தெரியாமயா தெனமும் கூப்பிடும்?” என்றாள். அவர் செத்துப்போனார் என்று அதனிடம் சொல்லச் சொன்னேன். அதற்கு அடுத்த நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொல்லியும் பார்த்தாள். அதற்கு அது, வருத்தமா இருக்குதுங்க அக்கா, அவரு எந்த முகாம்ல இருக்காருன்னு சொன்னா குறிச்சுக்குறேன் என்றது. நீ எழுதிக் கொடுத்ததில் வீட்டில் இருக்கிறவர்கள் உண்டு, வெளியேறி இன்ன இடத்தில் இருக்கிறவர்கள் உண்டு. செத்துப்போனவர்களுக்கும் காணாமல் போனவர்களுக்கும் அதில் இடமே இல்லை. இடம் இல்லாததால் அது அவரை உயிரோடு வைத்துக்கொண்டு தேடுகிறது. அவள் இப்போது காரியம் செய்யவும் மாட்டேன் என்கிறாள், பொட்டை அழிக்கவும் மாட்டேன் என்கிறாள். அதிகாரியிடம் கெஞ்சினேன். கீழ் லயங்களில் இன்னும் ஆட்கள் இருப்பதால் அதை நிறுத்த முடியாது, விளக்கத்தை எழுதினவர்தான் திருத்த வேண்டும், அவர் போனை எடுப்பதில்லை என்றார். அது என் மகன்தான் என்று அவருக்குத் தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

நான் வேலை பார்க்கும் பிள்ளைக்காம்பராவுக்குப் புதிதாக வந்த பெண்ணின் கதை உனக்கு நினைவிருக்கும். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம், கவனம் முக்கியம் என்று, வாசலைத் தாண்டி ஒரு பிள்ளையையும் விடாதே என்று அவளிடம் சொல்லிவிட்டு நான் பண்டாரவளைக்குப் போனேன். திரும்பி வந்தால், சொந்தப் பிள்ளையைத் தூக்கிப்போக வந்த தாயை அவள் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறாள். தாய் கத்துகிறாள், இவள் அழுகிறாள், வாசலை மட்டும் விடவில்லை. நீ அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாய். அன்றையிலிருந்து நான் எதைச் சொன்னாலும் ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்வேன், இது நடக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்வேன், உனக்கு விளங்காவிட்டால் ஊகிக்காதே, வந்து என்னைக் கேள் என்றும் சொல்வேன். அந்தப் பெண்ணுக்காவது தாயின் முகத்தைப் பார்க்கக் கண் இருந்தது. உன் ஏஜென்டுக்கு முகமும் தெரியாது, பனியும் தெரியாது, ஒருவர் பயத்தில் பேசாமல் இருப்பதும் ஒருவர் மண்ணுக்கடியில் பேசாமல் இருப்பதும் அதற்கு ஒன்றுதான். பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று நீதானே அதற்குச் சொல்ல வேண்டும்?

உன் மேல் தப்பில்லை என்று எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். தப்பு இருக்கிறது. வெயில் நாளில் மட்டும் சோதித்துப் பார்த்தது தப்பு. அவசர அவசரமாகத் திருத்திவிட்டு, திருத்தினது என்ன செய்கிறது என்று பார்க்காமல் ஓடியது அதைவிடப் பெரிய தப்பு. கோபம் கோபமாக வருகிறது. ஆனால் உன்னைப் பெற்றவள் நான், அந்தக் கோபத்தோடேயே நீ சாப்பிட்டாயோ என்றும் நினைத்துக்கொள்கிறேன். நீ டுபாயில் போய்ப் பெட்டி அடுக்கினாலும் இந்த மலையில் உன் குரல் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும். எழுதினவன் கைவிட்ட எழுத்து இப்படித்தான் போலிருக்கிறது. அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. நம் இளவட்டங்கள் கம்பத்து வயரை வெட்டிவிடலாம் என்று கத்தியோடு கிளம்பினார்கள். நான்தான் தடுத்தேன். கீழ் லயத்துக்கு ஆபத்து என்று காரணம் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை.

நேற்று சாயங்காலம் அக்காவைக் கூட்டிவரப் போனேன். மூட்டத்தில் அவள் சேலை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது, வெடிப்புக்கு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வா போகலாம், இது மனிதர் இல்லை, இதற்கு ஒன்றும் தெரியாது, பைத்தியக்காரி மாதிரி இங்கே வந்து உட்காராதே என்று நானும் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. “ஒன்னையும்தானே தெனமும் கூப்பிடுது? மேல வந்தவங்க எல்லாரும் சொல்லி முடிச்சுட்டாங்க. நீ ஏன் இன்னும் சொல்லல?” என்றாள். அவள் கேட்டது சரிதான். நானும் தினமும் பள்ளிக்கூடத்து வராந்தாவில் நின்று என் முறை வரும் வரைக்கும் காத்திருந்து, அம்மா என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன். நீ போனை எடுக்காத நாளிலிருந்து எனக்குக் கிடைப்பது அது ஒன்றுதான். பதில் சொல்லிவிட்டால் அதுவும் நின்றுவிடும் என்பதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்போது அது என்னைக் கூப்பிட்டது. “அம்மா, இருக்கீங்களா?” அவ்வளவு பக்கத்தில் நான் அதைக் கேட்டதில்லை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பத்தின் பக்கம் திரும்பிச் சொன்னேன். “இருக்கேன். வீட்டை விட்டு வந்துட்டேன். பள்ளிக்கூடத்துல இருக்கேன்.”

“சரிங்கம்மா, குறிச்சுக்கிட்டேன். இனிமே கூப்பிட மாட்டேங்க” என்றது உன் குரல். உடனே அடுத்த பெயருக்குப் போய்விட்டது. அக்கா எழுந்து என்னோடு வந்தாள். ஆனால் இன்றைக்கும் போனாள். அவள் வீட்டை முடித்து வைக்க ஒரு சொல் வேண்டும், தம்பி. அவர் இனி வரமாட்டார் என்று சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, எங்கே என்று கேட்காமல், அவர் பெயரைத் திரும்பக் கூப்பிடாமல் இருக்கச் சொல்லும் ஒரு வரி. டுபாய்க்குப் போவதென்றால் போ, நான் மறிக்க மாட்டேன். அதை எழுதிவிட்டுப் போ. நிதானமாக எழுது, எழுதினதை மூட்டம் இறங்கிய நேரத்தில் இங்கே வந்து நின்று கேட்டுப் பார்த்துவிட்டுப் போ. மலை அவளையும் எடுத்துக்கொள்வதற்கு முன்னால் வா.

இப்போது பொழுது சாய்ந்துவிட்டது, வராந்தாவில் நின்றுகொண்டுதான் இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். உன் குரல் மிச்சமிருக்கிற பெயர்களைக் கூப்பிட்டு முடித்துவிட்டது. பக்கத்து வீட்டைக் கூப்பிட்டது, நம் வீட்டைத் தாண்டிப்போய் ஆறுமுகம் அண்ணனைக் கூப்பிட்டது. நம் வீடு பச்சையாகிவிட்டது போலிருக்கிறது. இனி என்னை அம்மா என்று கூப்பிட உன்னைத் தவிர வேறு ஆள் இல்லை. கூப்பிடு.